மகனிடம் எப்படிப் பேசுவது?

அஸ்ஸலாமு அலைக்கும். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். 14 வயது மகன் இந்த வருஷம் ஐவேளையும் தொழுகிறான், எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் போன வாரம், அவனைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டு ஆயா முறுக்கு கொண்டுவந்தபோது, "நாங்க உங்கள மாதிரி இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆயா டப்பாவோடு பேசாமல் திரும்பிப் போனது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

மனிதர்களிடம் முகத்தைத் திருப்பாதே என்றுதானே ஞானி லுக்மான் தம் மகனுக்குச் சொன்னார் (குர்ஆன் 31:18)? உண்மையை மறுப்பதும் மனிதரை இழிவாக நினைப்பதும்தான் ஆணவம் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதையும் சொன்னேன். "அத்தாவுக்கு மார்க்கம் தெரியாது" என்கிறான்.

அவனுடைய பிடிப்பும் குறையக்கூடாது. இந்த வயசுப் பிள்ளைகளிடம் பேசிப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள். ஈப்போ வட்டாரத்தில் தமிழில் பேசும் உஸ்தாஸ் (மார்க்க ஆசிரியர்) யாராவது இருக்கிறார்களா? அப்புறம், ஆயாவிடம் முதலில் நானே போய் மன்னிப்புக் கேட்கட்டுமா, அவனையும் கூட்டிப் போகட்டுமா?