இறுகிப்போன உந்துதண்டு: திங்கட்கிழமைக்குள் இரண்டு சொல் வேண்டும்

அனுப்புநர்: பயிற்றுநர், நாகர்கோவில்

அனைவருக்கும் வணக்கம். டீசல் மெக்கானிக் மாணவர்களுக்கான பயிற்சிக் குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஓரிடத்தில் நின்றுவிட்டேன். பல வருடம் ஓடாமல் கிடந்த டிராக்டரில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு அசையாது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுவடைக்குப் பின் வெளியில் நிறுத்திய வண்டியின் புகைக்குழாய்க்கு மூடி இல்லையென்றால், தண்ணீர் அதன் வழியே இறங்கி, திறந்திருக்கிற வால்வைத் தாண்டி உள்ளே போய்விடும். பிஸ்டன் வளையமும் வார்ப்பிரும்புச் சுவரும் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். பட்டறையில் இதை 'இஞ்சின் சீஸ்' (ஆங்கில seize, இறுகிப் பிடித்துக்கொள்வது) என்பார்கள். எண்ணெய் இல்லாமல் ஓடி, சூடேறிப் பிடித்துக்கொண்டாலும் அதே 'சீஸ்'தான். இரண்டுக்கும் வேலை வேறு. அதனால் இரண்டு சொல் வேண்டும். பிஸ்டனுக்கு 'உந்துதண்டு' என்று முன்பே ஏற்றுக்கொண்டோம், அதை மறுபடி கிளற வேண்டாம்.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), மார்த்தாண்டம்

பிணிப்பு. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. பிணித்தல் என்றால் கட்டுதல். 'கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்' என்ற குறளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சங்கப் பாடல்களில் மொட்டு கட்டு நெகிழ்ந்து விரிவது 'பிணியவிழ்தல்'. ஆகவே துருப்பிணிப்பு, வெப்பப்பிணிப்பு. எண்ணெய் விட்டு விடுவிப்பது பிணியவிழ்த்தல். தொல்காப்பியப் பாயிரத்தில் வரும் அதங்கோட்டாசான் நம் விளவங்கோட்டு அதங்கோட்டுக்காரர் என்று பெருமைப்படுகிறோமே, அந்த மண்ணிலிருந்து 'சீஸ்' என்று அச்சிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அனுப்புநர்: டிராக்டர் பட்டறை, தக்கலை

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் பையன் 'பிணி' என்று படித்தால் நோய் என்றுதான் எடுத்துக்கொள்வான். நாங்கள் 'பிடிச்சுப் போச்சு' என்போம், விடுவிப்பதை 'இளக்குவது' என்போம். வேலையும் அதுதான். இன்ஜெக்டரை (சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் முனை) கழற்றி, டீசலோ, ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்ததோ ஊற்றி, சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு ஃப்ளைவீல் (இஞ்சினோடு சுழலும் கனச் சக்கரம்) பல்லில் கம்பி கொடுத்து முன்னுக்கும் பின்னுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். மயிரிழை நகர்ந்தாலே போதும், எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். இன்னொரு டிராக்டரில் கட்டி, கியரில் போட்டு இழுக்கவே கூடாது. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சுற்ற ஆரம்பித்ததும் இன்ஜெக்டர் இல்லாமலே சுற்றி உள்ளே நிற்கும் திரவத்தை வெளியேற்ற வேண்டும். திரவம் அமுங்காது, அதுவும் ராடை வளைக்கும். அப்புறம் கீழே கசிந்த டீசலோடு சேர்த்து இஞ்சின் ஆயிலை மாற்ற வேண்டும். 'இளக்குதல்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், குழித்துறை

'துருப்பூட்டு' எப்படி? துருவே பூட்டாகிவிடுகிறது. ஒரு கிளைக்கதை: துருவை மலையாளத்தில் துரும்பு என்பார்கள், நமக்குத் துரும்பு வேறு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்கள் நமது. இங்கே இரு மொழியும் புழங்குவதால் துரு என்றே இருக்கட்டும்.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), மார்த்தாண்டம்

பூட்டு ஆகாது. ஏர் பூட்டுதல், வில்லில் நாண் பூட்டுதல் எல்லாம் இணைத்து வேலைக்குத் தயாராக்குவது. 'உந்துதண்டைப் பூட்டு' என்றால் மாணவன் அதை உள்ளே மாட்டிவிடுவான். துரு, துரும்பு இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பது பெரிய விஷயம், தனி மடலில் எழுதுகிறேன்.

அனுப்புநர்: பயிற்றுநர், நாகர்கோவில்

தனி மடலுக்குக் காத்திருக்கிறேன் ஐயா. இப்போது வேலைக்கு வருவோம். சூட்டில் பிடிப்பது வேறு கதை. பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டரின் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இடைவெளி போய், உலோகம் சுவரில் அப்பிக்கொள்ளும். அங்கே ஊறவைத்து இளக்கி மட்டும் காரியம் முடியாது, பிஸ்டனையும் லைனரையும் (சிலிண்டரின் உள்ளுறை) பெரும்பாலும் மாற்ற வேண்டிவரும். எனக்குத் தனியே வந்த பதில்களையும் சேர்த்துப் பார்த்தால் 'துரு இறுகல்', 'வெப்ப இறுகல்', 'இளக்குதல்' ஆகியவற்றுக்கே ஆதரவு அதிகம். அப்படியே அச்சுக்கு அனுப்புகிறேன். டிராக்டரில் கட்டி இழுக்கக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), மார்த்தாண்டம்

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். 'இறுகல்' தன்வினை. 'துரு இறுகல்' என்றால் இறுகியது துருவா, தண்டா? மூன்றாம் வேற்றுமைத் தொகை என்று நீங்கள் சொல்லலாம். பட்டறைப் பையன் தொகையை விரித்துப் படிப்பானா? துரு பிணிக்கிறது, தண்டு பிணிபடுகிறது. இந்தத் தெளிவு இறுகலில் இல்லை. 'இளக்குதல்' சரியான சொல், தக்கலைத் தம்பிக்கு நன்றி. மற்றதில், 'துருவால் இறுகல்' என்று உருபை விரித்தாவது அச்சிடுங்கள்.