பதினாலா, நாற்பதா? மாண்டரின் கேட்டுக் குழம்பியவர்கள் இங்கே வரவும்

ஒரகடம் ஷிஃப்ட்:
ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தைவான் இன்ஜினியர்களோடு வேலை. சேருவதற்கு முன்னாடியே சென்னையில் மாண்டரின், அதாவது பொதுச் சீன மொழி, கிளாஸ் போயிருந்தேன். பெய்ஜிங் ஆடியோவைப் போட்டுத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: நாலு என்றால் ஸி, பத்து என்றால் ஷி, பதினாலு ஷிஸி, நாற்பது ஸிஷி. நமக்கு ஸ, ஷ இரண்டும் தனித்தனி எழுத்து, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு லைனுக்குப் போனால் அந்தத் தைவான்காரர் வாயில் ஷ-வே வரவில்லை. அவருக்குப் பதினாலும் ஸிஸி, நாற்பதும் ஸிஸி. வித்தியாசம் முழுக்கக் குரலின் ஏற்ற இறக்கத்தில்தான்: பத்து மேலே ஏறும், நாலு சட்டென்று கீழே இறங்கும், ஆக ஏறி இறங்கினால் பதினாலு, இறங்கி ஏறினால் நாற்பது. நாமோ வாக்கியக் கடைசியில் குரல் ஏறினாலே கேள்வி என்று எடுத்துக்கொள்கிற ஆட்கள், அதனால் அவர் நாற்பது சொல்லும்போதெல்லாம் என்னிடம் ஏதோ கேட்கிறார் என்றே தோன்றும், நானும் தலையாட்டுவேன். இப்போது பத்து வந்தால் இரண்டு ஆள்காட்டி விரலையும் குறுக்கே வைத்துக் காட்டுகிறார். சீனக்காரர்கள் பத்துக்கு அப்படித்தான் காட்டுவார்களாம். மிஷின் இரைச்சலில் என் காதைவிட அதுதான் நம்பகம்.

உங்களுக்கு எந்தச் சத்தம் மாட்டியது? கூடவே இந்தி, தெலுங்கு தெரிந்தவர்களும் சொன்னால் நல்லது, ஆளுக்கு ஒரு இடத்தில் மாட்டுகிறது என்று சந்தேகம்.

சவுகார்பேட்டை பொண்ணு:
உங்கள் சந்தேகம் சரிதான். எங்கள் வீட்டில் மார்வாடியும் இந்தியும், படி இறங்கினால் தமிழ். கிளாஸில் வயிறு நிறைந்ததற்கு ‘பாவ்’, ஓடுவதற்கு ‘ப்ஹாவ்’ என்று ஒரு ஜோடி வந்தது, இரண்டுக்கும் ஒரே டோன் (அந்த ஏற்ற இறக்கம்தான்), அதனால் குரலை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. முதல் நாளே எனக்குப் பளிச்சென்று பிரிந்தது, ஏனென்றால் இந்தியில் பல் என்றால் நொடி, ப்ஹல் என்றால் பழம், சின்ன வயதிலிருந்து கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணா நகர் பையன் நல்ல இங்கிலீஷ் பேசுவான், அவனுக்கு இரண்டும் ஒரே ப.

இதில் சிக்கலே பின்யின் எழுத்துதான். சீனச் சத்தங்களை ஆங்கில எழுத்தில் எழுதும் அந்த முறை 1958-ல் வந்தது, அதில் வயிறு நிறைவதற்கு ‘பாம்பே’யின் பி, ஓடுவதற்கு ‘பேப்பர்’ பி. பாம்பே என்று பார்த்ததும் நம் ஆட்கள் தொண்டையை அதிரவைக்கிறார்கள். அங்கே அதிர்வே கிடையாது, அது சுத்தமான தமிழ் ப, ‘பழம்’ சொல்லும்போது வருகிறதே, அதேதான். மற்றதில் காற்று வெடித்து வரும். அமெரிக்கக்காரர் ‘பேப்பர்’ என்றால் காற்று வெடிக்கும், நம்ம ஊர் இங்கிலீஷில் வெடிக்காது, அதனால் இங்கிலீஷ் தெரிந்தும் நமக்குப் பிரயோஜனம் இல்லை. வாய்க்கு முன்னால் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். தாள் அசைந்தால் ஓட்டம், அசையாவிட்டால் சாப்பாடு!

வேளச்சேரி 2டி:
எனக்கு ‘சின்ன’, ‘கொஞ்சம்’ இரண்டும்தான். சியாவ், ஷாவ். கான்வென்ட் இங்கிலீஷ் காதுக்கு இரண்டும் ஒரே ஷாவ். முதல் சத்தத்தை விட்டுவிட்டு, நடுவில் ஓர் ‘இ’ ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று கவனிக்க ஆரம்பித்தேன், அப்புறம் பிடிபட்டது.

போரூர் டாக்டர்:
நான் எம்பிபிஎஸ் படித்தது ஹூபே மாகாணத்தில். பாடம் இங்கிலீஷில் நடந்தாலும் வார்டில் நோயாளியிடம் சீனத்தில்தான் பேசியாக வேண்டும். அங்கே என்னைத் திண்டாட வைத்தது டோன் இல்லை, ந-வும் ல-வும். தமிழனுக்கு ந-வும் ல-வும் குழம்புமா? நமக்குக் குழம்பாது, அந்த ஊர்க்காரர்கள் பலருக்கு அது இரண்டும் ஒன்று! பாலுக்கு நியூநாய் என்று படித்துவிட்டுப் போனேன், படுக்கையில் இருந்த பாட்டி லியூலாய் லியூலாய் என்கிறார். சர்க்கரை நோயாளி என்ன சாப்பிட்டார் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், லியூலாய் என்ன பண்டம் என்று எனக்குப் புரியவில்லை. கூட இருந்த சீன மாணவி, வடக்குப் பக்கத்துப் பெண், சிரித்துவிட்டு ‘நியூநாய்’ என்றாள். பாட்டி ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் லியூலாய் என்றார். இரண்டு பேரும் வேறு வேறாகச் சொல்கிறார்கள் என்பதே பாட்டிக்குத் தெரியவில்லை.

சென்னையில் வாளப்பளம் என்று கேட்டு வாங்குகிறவர்களிடம் போய் ‘ழ சொல்லுங்க’ என்றால் சொல்லிவிட்டேனே என்பார்கள், அதே கதைதான். எழுதச் சொன்னால் சரியாக ழ போடுவார்கள். அதனால் எல்லாச் சீனருக்கும் எல்லாச் சீனச் சத்தமும் பிரியும் என்று நினைத்துக்கொண்டு நம் காதை மட்டும் திட்ட வேண்டாம்.

ழ சொன்னதும் இன்னொன்று. மனிதன் என்பதற்கான சொல்லை ஆங்கில எழுத்தைப் பார்த்து எல்லோரும் ‘ரென்’ என்று வாசித்தார்கள். நாங்கள் தமிழ்ப் பிள்ளைகள் ‘ழென்’ என்றோம், எங்கள் மொழி ஆசிரியைக்கு ஒரே சந்தோஷம்.

மயிலை மாமி:
மகன் ஷாங்காயில் இருக்கிறான், பேரனோடு பேசவாவது வேண்டுமே என்று கொஞ்சம் கற்றுக்கொள்கிறேன். பாட்டுக் கற்றவள், அதனால் டோன் எனக்கு வரும் என்று நினைத்தேன், ஓரளவு வந்தது. ஆனால் நாலு டோனில் இரண்டாவதும் (மேலே ஏறுவது) மூன்றாவதும் இன்னும் ஒன்றாகவே கேட்கிறது. மூன்றாவது கீழே போய்த் திரும்பி மேலே வரும் என்று புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார்கள், பேரன் பேசும்போது அது கீழேயே படுத்துக்கிடக்கிறது, எங்கே திரும்புகிறது?

கேட்பியல் படித்தவன்:
மாமி, பேரன் சரியாகத்தான் பேசுகிறான். தனியாகச் சொன்னால்தான் மூன்றாவது திரும்பி ஏறும், ஓட்டமாகப் பேசும்போது பெரும்பாலும் தாழ்வாகவே நிற்கும். மூன்றாவது டோனே இரண்டு தடவை அடுத்தடுத்து வந்தாலோ முன்னது இரண்டாவது போல ஏறிவிடும், ‘நீ ஹாவ்’ என்ற வணக்கத்திலேயே அது நடக்கிறது. வெளி ஆட்கள் அதிகம் குழப்பிக்கொள்வது இரண்டாவதையும் மூன்றாவதையும்தான்.

காது ஏன் இப்படி என்றால், 1984-ல் வெர்க்கரும் டீஸும் செய்த ஆய்வில் இங்கிலீஷ் வீட்டுக் குழந்தைகள் 6-8 மாதத்தில் இந்தியின் த-வையும் ட-வையும் பிரித்துக் கேட்டன, 10-12 மாதத்தில் பெரும்பாலும் அந்தத் திறன் போய்விட்டது. 2003-ல் பட்ரிசியா கூல் குழுவினர் அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகளோடு மாண்டரின்காரர்களை 12 தடவை உட்கார்ந்து விளையாடவும் கதை படிக்கவும் வைத்தார்கள், ‘சி’ மாதிரி வரும் இரண்டு சீனச் சத்தங்களை அவை நன்றாகவே பிரித்தன. அதையே டிவியில் காட்டியபோது பலனே இல்லை.

பெரியவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. 1999-ல் அமெரிக்க மாணவர்களுக்கு 2 வாரம் டோன் பயிற்சி கொடுத்த ஆய்வில் சரியாகக் கண்டுபிடிப்பது சராசரியாக 21 சதவீதம் கூடியது, 6 மாதம் கழித்தும் நிலைத்தது. பல பேர் குரலில் கேட்கவைத்தார்கள், அதுதான் விஷயம். ஒரே வாத்தியார் குரலைக் கேட்டுப் பழகினால் அந்த வாத்தியாரைத்தான் புரியும்.

ஒரகடம் ஷிஃப்ட்:
அப்படியென்றால் எனக்குப் பெய்ஜிங் ஆடியோ போதாது. கேன்டீனில் தைவான்காரர்கள் ஏழெட்டுப் பேர் உட்காருவார்கள், நாளையிலிருந்து அந்த மேசைதான். டாக்டர், பாட்டி சொன்ன பால் எத்தனை டம்ளர் என்று கேட்டு எழுதினீர்களா?

போரூர் டாக்டர்:
விரலைக் காட்டித்தான்.