வயர்லெஸ் டிராயிங் டேப்லெட்: வேகமாக வரைந்தால் கோடு உடைகிறது, உதவி தேவை

கேள்வி:
டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11, வரைவது கிரிதா என்ற ஓவிய மென்பொருளில். டேப்லெட்டை அதோடு வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சிறிய வயர்லெஸ் ரிசீவர்) வழியாக இணைத்திருக்கிறேன். மெதுவாக இழுத்தால் கோடு அழகாக விழுகிறது. வேகமாக வட்டம் போட்டால் அது பலகோணமாகிவிடுகிறது. சில இடங்களில் அறுந்தே போகிறது. பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டு எடுத்தால் முதல் கோடு விழுவதில்லை. அழுத்தம் ஒழுங்காக வேலை செய்கிறது. டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டும் பார்த்தாயிற்று. முகத்தின் வெளிக்கோடு போடும்போதே கை தயங்க ஆரம்பித்துவிட்டது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

பதில் 1:
யூஎஸ்பி கேபிளில் இணைத்து அதே வேகத்தில் அதே வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் உடைந்தால் டிரைவர், பிரஷ், கேன்வாஸ் அளவு என்று தேடலாம். கேபிளில் சரியாக வந்தால் டிரைவரைத் தொட வேண்டாம், வயர்லெஸ் இணைப்பில்தான் கோளாறு.

பதில் 2:
கிரிதாவின் டேப்லெட் அமைப்பில் வின்டேப், விண்டோஸ் இங்க் என்று பேனாவின் தகவலைப் பெற இரண்டு வழிகள் இருக்கும், இரண்டையும் மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் கிரிதாவை மூடித் திறக்க வேண்டும்.

கேட்டவர்:
இங்க், வின்டேப் இரண்டிலும் ஒரே கதைதான். ஆனால் கேபிளில் ஒரு குறையும் இல்லை! டாங்கிள் சிபியுவின் பின்பக்கம் இருக்கிறது, அதை ஒட்டியே வெளி ஹார்ட் டிஸ்க். பேக்கப் ஓடும் நேரத்தில்தான் அதிகம் உடைகிறது என்று இப்போது தோன்றுகிறது.

பதில் 3:
காரணம் அந்த டிஸ்க்தான் என்று நினைக்கிறேன். யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதன் போர்ட், கேபிள், டிஸ்க் எல்லாவற்றிலிருந்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சல் கசியும். இன்டெல் 2012இலேயே இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. உங்கள் டாங்கிளும் அதே பகுதியில்தான் கேட்கிறது. போதாததற்குச் சிபியுவின் இரும்புக் கூடு வேறு இடையில் நிற்கிறது. டேப்லெட் ஒவ்வொரு நொடியும் பேனாவின் இடத்தைப் பலமுறை அனுப்புகிறது. நடுவில் சில தகவல்கள் தொலைந்தால், கிடைத்த புள்ளிகளைச் சாஃப்ட்வேர் நேர்கோட்டால் இணைத்துவிடும். மெதுவாக இழுக்கும்போது புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் இழப்பு கண்ணுக்குத் தெரியாது.

ஒரு யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மேசைமேல், டேப்லெட்டுக்கு அருகில் கொண்டு வாருங்கள். அரை மீட்டர் தள்ளினாலே பெரிய மாற்றம் தெரியும். அதன்பிறகும் லேசாக உடைந்தால், கணினியின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

கேட்டவர்:
எக்ஸ்டென்ஷன் போட்டாயிற்று. பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே வட்டம் முழுசாக வருகிறது! மிக்க நன்றி. முதல் கோடு காணாமல் போவது மட்டும் நிற்கவில்லை.

பதில் 3:
அது மின்சிக்கனம். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்டில் கணினி இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். டேப்லெட்டே தூங்குகிறது என்றால் அதன் டிரைவரில் தூங்கும் நேரத்தைக் கூட்ட வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொருவர்:
எனக்கும் இதேபோல் உடைகிறது, ஆனால் டாங்கிள் கிடையாது. மதர்போர்டின் புளூடூத்தில் இணைத்திருக்கிறேன்.

பதில் 1:
சிபியுவின் பின்னால் ஆன்டெனா திருகியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான மதர்போர்டுகளில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான். நெட் கேபிளில் வருவதால் பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள்.