மார்த்தாண்டத்தில் காணாமல் போன கார்: புதுப்பிப்பு

போன மாதம் எழுதியது நினைவிருக்கும்: வீட்டு முன்னால் நிறுத்தியிருந்த எங்கள் பழைய கார் விடிவதற்குள் காணவில்லை. நல்ல செய்தி, கிடைத்துவிட்டது. குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஓரத்தில், வேறு நம்பர் பிளேட்டோடு. சேசிஸ் எண்ணை வைத்துத்தான் எங்களுடையது என்று உறுதி செய்தார்கள். ஸ்டீரியோ இல்லை, ஸ்டெப்னி இல்லை. அம்மா தொங்கவிட்டிருந்த ஜெபமாலை மட்டும் அப்படியே!

பலர் ஃபாஸ்டேக்கைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன், ஒரு ரூபாய்கூடக் கழியவில்லை. திருப்பதிசாரம் சுங்கச்சாவடிப் பக்கமே போகவில்லை போல. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளா என்பதால் முதலில் அந்த வழிக் கேமராக்களைத்தான் பார்த்தார்கள். கடைசியில் துப்புக் கொடுத்தது பக்கத்துத் தெரு பேக்கரியின் கேமரா.

புகார் கொடுக்கப் போனபோது ஏட்டு கேட்ட முதல் கேள்வி, "தம்பி, ரெண்டு சாவியும் கையில இருக்கா?" அப்போது எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, இன்சூரன்ஸ்காரர்களும் அதையேதான் கேட்பார்கள். எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. கார் கிடைக்காமல் போயிருந்தால் திண்டாடியிருப்போம்.

கிடைத்த கையோடு ஓட்டி வர முடியாது. வழக்குச் சொத்து என்பதால் குழித்துறை நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே கையில் கொடுத்தார்கள். வழக்கு முடியும்வரை விற்கவும் கூடாது, பெயிண்ட் மாற்றவும் கூடாது.

இப்போது ஸ்டீயரிங் பூட்டும் ஜிபிஎஸ்ஸும் போட்டாயிற்று. அப்பா திருப்திப்படவில்லை, இரவில் இரண்டு தடவை எழுந்து எட்டிப் பார்க்கிறார்.