2021-ஆம் ஆண்டின் சுயதொழில் கோவிட் டாக்ஸ் கிரெடிட்: 2025 மார்ச்சில் நடந்த கலந்துரையாடல்

நியூஜெர்சி ஓட்டுநர் (மார்ச் 2025)

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் நியூஜெர்சியில் செயலி வழியாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். நான் ஊழியன் அல்லன்; என் வருமானம் முழுவதும் சுயதொழில் வருமானத்தைக் காட்டும் 1099 என்னும் வரிப் படிவத்தில்தான் வருகிறது. 2021 ஏப்ரலில் எனக்குக் கோவிட் வந்து, மருத்துவர் சொன்னபடி தனிமையில் இருந்தேன். அதன் பிறகு, மகனின் பள்ளி வாரத்தில் சில நாள்கள் மட்டுமே நேரில் நடந்ததாலும் மனைவிக்கு மருத்துவமனைப் பணி இருந்ததாலும், பல நாள்கள் வண்டி எடுக்க இயலவில்லை. அந்த ஆண்டின் வரிக்கணக்கை உரிய காலத்தில் தாக்கல் செய்துவிட்டேன். இப்போது ஒரு நிறுவனத்தார் அழைத்து, சுயதொழில் செய்வோர் எவருக்கும் கோவிட் டாக்ஸ் கிரெடிட் என்னும் வரிச் சலுகையாக 32,220 டாலர் வரை கிடைக்கும், அதில் ஒரு பங்கைத் தங்களுக்குத் தர வேண்டும் என்கிறார்கள். இது உண்மைதானா?

வரிக்கணக்காளர்

வணக்கம் ஐயா. சலுகை உண்மை, உங்களிடம் சொல்லப்பட்ட விதம் உண்மையன்று. 32,220 டாலர் என்பது 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் உச்சவரம்புகளையும் கூட்டிய தொகை. 2020-க்கான கோரிக்கைக் காலம் 2024 மே 17-இலேயே முடிந்துவிட்டதால், இன்று அந்தத் தொகையைச் சொல்லி ஆசை காட்டுவது தவறு. இப்படிப்பட்ட விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 2024-இல் வெளிப்படையாகவே எச்சரித்தது.

இது சுயதொழில் செய்வதற்காகக் கிடைக்கும் பணம் அன்று. கோவிட் காரணமாக வேலை செய்ய முடியாமற்போன குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும், ஊழியர்களுக்குக் கிடைத்த சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கு ஈடாகக் கிடைப்பது. உங்கள் சுயதொழில் நிகர வருமானத்தை 260-ஆல் வகுத்தால் ஒரு நாள் வருமானம் வரும். 52,000 டாலர் என்றால் நாளுக்கு 200. நீங்களே நோயுற்ற நாள்களுக்கு அது முழுமையாக, நாளுக்கு 511 டாலருக்கு மிகாமல், 10 நாள்கள் வரை கிடைக்கும். குழந்தையைப் பார்த்துக்கொண்ட நாள்களுக்கு அதில் 67 விழுக்காடு, அதாவது 134 டாலர் கிடைக்கும். அங்கே உச்சவரம்பு நாளுக்கு 200. 2021 ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரையிலான காலத்துக்குக் குடும்ப விடுப்பு 60 நாள்கள் வரை உண்டு. ஒரே நாளை இரண்டு கணக்கிலும் சேர்க்கக் கூடாது. 2021 வருமானத்தைவிட 2020 வருமானம் கூடுதலாக இருந்தால், அதையே அடிப்படையாகக் கொள்ள அனுமதி உண்டு.

மகனின் பள்ளி நாள்களில்தான் மிகுந்த கவனம் தேவை. அவன் நேரில் வரப் பள்ளி அனுமதிக்காத நாள்கள் சேரும்; வர அனுமதித்திருந்தும் நீங்களாகவே இணையவழி வகுப்பைத் தேர்ந்தெடுத்த நாள்கள் சேரா. மனைவியோ வேறு எவரோ வீட்டிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்த நாள்களும், வழக்கமான கோடை விடுமுறையும் அவ்வாறே.

நாட்டிய ஆசிரியை

சென்ற ஆண்டு என் 2020 கணக்கைத் திருத்தியபோது கற்றதைச் சொல்கிறேன். நினைவிலிருந்து நாள்களை எழுதாதீர்கள். பள்ளி மாவட்டம் பெற்றோருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களில், எந்தப் பிரிவு எந்தக் கிழமை வர வேண்டும் என்பது தேதியுடன் இருக்கும். உங்கள் செயலியில் அன்றாடப் பயண வரலாறு இருக்கும். மனைவியின் பணி அட்டவணையும் கிடைக்கலாம். இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு நாளாகப் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது முதலில் நினைத்ததைவிடக் குறைவான நாள்களே தேறின, ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஆதாரம் இருக்கிறது. மருத்துவர் சொன்னதற்கான பதிவையும் பரிசோதனை முடிவையும் தேடி எடுங்கள். தகுதியில்லாத நாள்களைச் சேர்த்தால், பின்னாளில் வட்டியும் அபராதமும் உங்கள் தலையில்தான் விழும். அழைத்த நிறுவனம் அப்போது உடன் நிற்காது.

நியூஜெர்சி ஓட்டுநர்

இருவருக்கும் மிக்க நன்றி. பயண வரலாறு செயலியில் இருக்கிறது. மின்னஞ்சல்களைத் தேடத் தொடங்கிவிட்டேன். மனைவியின் வேலை நாள்கள் வாராவாரம் மாறியதால் அந்த அட்டவணையை மருத்துவமனையில் கேட்க வேண்டும். இனி எந்தப் படிவத்தில், எப்போதுக்குள் அனுப்ப வேண்டும்?

வரிக்கணக்காளர்

இந்தச் சலுகையைக் கணக்கிடும், 2021-ஆம் ஆண்டுக்கான படிவம் 7202-ஐ நிரப்பி, 1040-எக்ஸ் என்னும் திருத்தப் படிவத்துடன் இணையுங்கள். ஆண்டு மாறிய படிவத்தைப் பயன்படுத்திவிடாதீர்கள். ஏப்ரல் 1 முதலான நாள்களுக்கு அந்தப் படிவத்தில் தனிப் பகுதி இருக்கிறது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கின் திருத்தத்தை இப்போது மின்வழியில் ஏற்பதில்லை; காகிதத்தில் கையொப்பமிட்டு, 2025 ஏப்ரல் 15-க்குள் அஞ்சல் முத்திரை விழும்படி, அனுப்பியதற்குச் சான்று தரும் சர்டிஃபைட் மெயிலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆதாரங்களை இணைக்கத் தேவையில்லை. கேட்டால் காட்ட உங்களிடம் இருந்தால் போதும். மனைவி ஊழியராகவே இருந்ததால் அவருக்கு இந்தப் படிவம் இல்லை. அட்டவணை வரத் தாமதமானால், உறுதியாகத் தெரிந்த நாள்களை மட்டும் எழுதிக் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள்.