விசுவாசமா, நியாயப்பிரமாணமா: பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களா?

கேள்வி:
புதிய ஏற்பாட்டில், நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் யூதச் சட்டத்தின்) கிரியைகளினால், அதாவது செயல்களால், எவரும் நீதிமானாவதில்லை என்று கலாத்தியருக்கு எழுதுகிறார் அப்போஸ்தலர் பவுல். கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. இருவரும் யூதரின் முற்பிதாவான ஆபிரகாமையே சான்றாகக் காட்டுவதால் குழப்பம் கூடுகிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

மறுமொழி 1:
இருவரும் எதிர்கொண்ட சிக்கல்கள் வேறு என்பதிலிருந்து தொடங்குங்கள். யூதரல்லாத புறஜாதியார் இரட்சிப்படைய, நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கான விருத்தசேதனம் கட்டாயம் என்று சிலர் போதித்ததையே பவுல் எதிர்த்தார். ஆபிரகாம் விசுவாசித்தது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்கு முன்பே என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் (கடிதத்தில்) அவர் நிறுவுவது அதனால்தான். யாக்கோபோ, உடையும் உணவும் இல்லாத சகோதரனை வெறும் வாழ்த்தோடு அனுப்பிவிடுகிறவர்களைக் கண்டிக்கிறார். விருத்தசேதனத்தைப் பற்றி அந்நிருபத்தில் ஒரு சொல்லும் இல்லை.

மறுமொழி 2:
ஏற்கிறேன், ஆனால் ஆதிச்சபையில் இருந்த பூசலை மழுப்பிவிடக் கூடாது. ஏறத்தாழ கி.பி. 49இல் எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும் புறஜாதியார்மேல் விருத்தசேதனத்தைச் சுமத்தவில்லை. விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தவை, வேசித்தனம் ஆகியவற்றை விலக்கும்படி மட்டுமே கேட்டுக்கொண்டார்கள். எனினும் யூத விசுவாசிகளும் புறஜாதியாரும் பந்தியில் சேர்ந்து உண்பது எளிதில் தீராத சிக்கலாக இருந்தது. அந்தியோகியா நகரில் புறஜாதியாரோடு உண்டுவந்த அப்போஸ்தலர் பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பவுலின் உடன் ஊழியரான பர்னபாவும் அவ்வழியே இழுபட்டார். பவுல் பேதுருவை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டது, ஒரே பந்தியில் அமர முடியாத சபை ஒரே சபையாக இருக்க முடியாது என்று அவர் கண்டதால்தான் என நான் உறுதியாக நம்புகிறேன்.

மறுமொழி 3:
அதே பவுல் தம் உடன் ஊழியரும் கிரேக்கருமான தீத்துவுக்கு விருத்தசேதனம் செய்ய இணங்கவில்லை, ஆனால் யூதத் தாய்க்குப் பிறந்த தீமோத்தேயுவுக்குச் செய்வித்தார் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். அவர் மறுத்தது யூத வழக்கத்தை அல்ல, அதை இரட்சிப்பின் நிபந்தனையாக்குவதையே.