கிளுவை வேலியை எப்படி அடக்குவது?

காங்கேயம்:
எங்க கொரங்காடு, அதான் ஆடு மாடு மேயற காடு, நாலு ஏக்கருங்க. சுத்தியும் தாத்தா வெச்ச முள்கிளுவை வேலி, இப்ப ஆறடி அகலத்துக்குப் பரவிடுச்சு. ஜேசிபி விட்டு வாரிட்டுக் கம்பி போட்டுடலாம்ங்கறான் தம்பி. நேத்து அருவாளோட போனேன். பிரண்டைக் கொடியை விலக்கினா, தூரடியில காய்ஞ்ச புல்லு மேல கவுதாரி முட்டை ஆறு. வெளிர்மஞ்சளா, தொட்டா சுடற மாதிரி இருந்துச்சு. கொடியை இழுத்து மூடிட்டு வந்துட்டேன். என்ன பண்றதுங்க?

தாராபுரம்:
வாரிடாதீங்க அண்ணா. முட்டை இருக்கற பக்கம் குஞ்சு இறங்கற வரைக்கும் போகவே வேண்டாம். கிளை வெட்டற கவாத்தை ஒரே வருசத்துல சுத்தியும் பண்ணாதீங்க. இந்த வருசம் கிழக்கும் வடக்கும், அடுத்த வருசம் மத்த ரெண்டும். இலை உதிர்ந்து நிக்கறப்ப, கூடு இல்லைன்னு பார்த்துட்டு இடுப்பளவுக்கு வெட்டுங்க. அடித்தூரைத் தொடாதீங்க, கீரியும் அரணையும் அங்கதான் ஒதுங்கும். வெட்டின போத்தைச் சந்து விழுந்த இடத்துல ஒரு சாண் ஆழம் ஊனுங்க, மழைக்குத் துளுத்துக்கும். வேலியோரம் ஆடுதின்னாப்பாளைச் செடி இருந்தா களைக்கொல்லி அடிக்காதீங்க. சிவப்பு உடம்பு அழகி வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கற செடி அது. எங்க வேலியில அடிச்சு அழிச்சது நானேதான், இன்னும் மனசு ஆறலை.

கரூர்:
கம்பி துருப்பிடிக்கும், கிளுவை துளுக்கும். வெள்வேல் கன்னு தானா வந்திருந்தா ரெண்டு மூணு விட்டுவைங்க. மாட்டுக்கு நிழலு, ஆட்டுக்குக் காய்.

காங்கேயம்:
ரொம்ப நன்றிங்க. தம்பியைக் கூட்டிட்டுப் போய் முட்டையைத் தூர நின்னு காட்டினேன். ஜேசிபிக்காரருக்கு வேண்டாம்னு அவனே போன் பண்ணிட்டான்.